கிங்ஸ்பரியில் நின்ற 1275

1991ஆம் ஆண்டு மார்கழியில் நான் இலண்டன் வந்து சேர்ந்தபோது, நகரின் வடமேற்கே கிங்ஸ்பரியில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. யன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு முற்றமும் அதில் கித்தான் போர்த்து நின்ற ஒரு காரும்தான் தெரியும். தை மாதத்தில் ஒருநாள் அந்த வீட்டு முதியவர் கித்தானை நீக்கி அதை முடுக்கினார். எஞ்சின் இரண்டு மூன்று முறை முனகிப் பின் பற்றிக்கொண்டபோது எழுந்த ஓசையைக் கேட்டு, நான் மேலங்கிகூட அணியாமல் படியிறங்கி ஓடினேன். அது எங்கள் மொறிஸ் மைனரின் ஓசை.

யாழ்ப்பாணத்தில் அப்பா வாடகைக்கு ஓட்டிய அந்தக் கார்தான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது. 1990இல் அரசின் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அரிதானபின், சில துளி பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தில், கரி படிந்த பிளக்குகளைத் துடைப்பதும் காபரேற்றரைக் கழற்றிப் பூட்டுவதும் என் வேலையாக இருந்தன. 1952இலிருந்து மைனருக்குப் பூட்டப்பட்ட அதே ஏ-சீரிஸ் குடும்பத்து எஞ்சின்தான் இங்கே, குறுக்குவாட்டில் திருப்பி வைக்கப்பட்டு, அடியில் கியர்களையும் ஒரே எண்ணெயில் சுமந்துகொண்டு நின்றது.

காரின் பெயர் வாண்டன் பிளாஸ் பிரின்ஸஸ். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1962இல் மொறிஸ் 1100 என்ற பெயரில் வெளிவந்த சிறிய குடும்பக் காரே அதன் அடிப்படை. அதைப் பெருஞ்செல்வர் காரின் உள்ளமைப்போடு முடித்துக் கொடுத்த பட்டறை, 1920களில் பென்ட்லி கார்களுக்கு உடல் கட்டிய பட்டறை, நான் குடியிருந்த இதே கிங்ஸ்பரியில்தான் 1979 வரை இயங்கியது. முதியவர் அங்கே மரவேலை செய்தவர். வால்நட் மரத் தகடு ஒட்டிய முகப்பையும், தோல் இருக்கைகளின் முதுகில் மடித்துத் திறக்கும் சாப்பாட்டுப் பலகைகளையும் அவர் விரலால் தடவிக் காட்டியபோது, மூட்டுகளில் ஒரு மயிரிழை இடைவெளியும் இல்லாததைக் கண்டேன். நான்கு மீற்றரும் நீளமில்லாத ஒரு காருக்குள் இவ்வளவு உழைப்பைச் செலுத்தியது வீண் என்று சிலர் சொல்வார்கள். அந்த இருக்கையில் ஒருமுறை அமர்ந்தபின் நான் அப்படி நினைக்கவில்லை.

பின்புறத்தில் இருந்த 1275 என்ற எண்ணின் பொருளை அவர்தான் விளக்கினார். 1098 சிசி எஞ்சினுடன் விற்ற முதல் வகைக்கும், 1967 ஒக்ரோபரில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் வகைக்கும் நடுவே, அவ்வாண்டு மே மாத இறுதியில், மினி கூப்பர் எஸ் வழியாக முன்பே அறிமுகமாகியிருந்த 1275 சிசி அளவு எஞ்சினைப் பழைய உடலிலேயே பூட்டி விற்கத் தொடங்கினார்கள். அதே காரை வேறு பெயர்களில் விற்ற எம்ஜி, ரைலி, வோல்ஸ்லி ஆகிய உடன்பிறப்புகளுக்கும் அது கிடைத்தது. கியர்களின் விகிதங்கள் 1100இல் இருந்தவையே. கியர்ப்பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் இடையிலான இறுதி விகிதத்தை மட்டும் 4.13இலிருந்து 3.65 ஆகக் குறைத்தார்கள். அதனால் நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகவே சுழன்றது, இரைச்சலும் தணிந்தது. சில மாதங்களில் இரண்டாம் வகை வந்து பின்பக்க மூலைகளில் துடுப்புப்போல் எழுந்து நின்ற தகடுகளைக் குறுக்கி விளக்குகளையும் மாற்றிவிட்டது. உயர்ந்த துடுப்புகளும் பெரிய எஞ்சினும் சேர்ந்து பிறந்த கார்கள் அந்த இடைவெளிக்கு மட்டுமே உரியவை.

இது எவ்வளவு சிக்கலான பிறப்பு என்பதை அடுத்த கோடையில் உணர்ந்தேன். பின்விளக்குக் கண்ணாடி ஒன்று உடைந்தபோது, பதிவுப் புத்தகத்திலிருந்த ஆண்டையும் எஞ்சின் அளவையும் சொல்லி ஓர் உதிரிப்பாகக் கடையில் கேட்டோம். அவர்கள் தந்தது இரண்டாம் வகையின் கண்ணாடி, அது பொருந்தவில்லை. நாங்கள் போன ஒரு கராஜில், துடுப்புகளை வெட்டிப் புதிய விளக்குகளைப் பூட்டிவிட்டால் எல்லாம் சரியாகும் என்றார்கள். முதியவர் அன்று முழுவதும் பேசவில்லை. பின்சக்கரங்களைத் தாங்கும் துணைச்சட்டம் துருவேறியதால் இந்தக் கார்களில் ஏராளமானவை உடைக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றையும் இப்படித் திருத்தினால் 1275 எப்படி இருந்தது என்று காட்ட ஒன்றும் மிஞ்சாது. பல ஞாயிறுகள் தேடி, ஒரு பழைய 1100இன் கண்ணாடியைக் கழற்றி வந்து பூட்டினேன்.

அந்த வேலைக்குப் பின்தான் அவர் சாவியை முதன்முதலாக என் கையில் தந்தார். பிளாக்பேர்ட் ஹில் ஏற்றத்தில் முன்னே போன பேருந்து மெல்ல ஊர்ந்தது. அந்தக் காரில் முதலாம் கியருக்கு, பற்கள் கோர்க்குமுன் அவற்றின் வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோ இல்லை. ஓடும்போது அதற்கு இறக்கினால் பற்கள் அரைபடும். நான் கிளச்சை மிதித்து நடுநிலைக்குக் கொண்டுவந்து விட்டு, எஞ்சினை ஒருமுறை உறுமவைத்து, மறுபடி மிதித்து முதலாம் கியரில் போட்டேன். சத்தமே எழவில்லை. எங்கே பழகினாய் என்று முதியவர் கேட்டார்.

“யாழ்ப்பாணத்தில்” என்றேன். “என் அப்பாவின் மொறிஸ் மைனரில்.”