அம்மாவும் ஆறு தசம இலக்கமும்

பெங்களூரு மல்லேஸ்வரத்துல தூறல்கூட இல்லை. கடலூர்லேர்ந்து அம்மா போன்: “புயல் எங்கே கரையைக் கடக்கும்னு கேட்டா ஒருத்தன் சென்னைங்கிறான், ஒருத்தன் புதுச்சேரிங்கிறான். நீ கம்ப்யூட்டர்காரன்தானே, சொல்லேன்டா!”

என்னத்தைச் சொல்ல? கணினி தானா எதையும் பார்க்கிறதில்லை. இப்போ காத்து, ஈரம், அழுத்தம் எப்படி இருக்குன்னு நாம கொடுக்கிறதை வெச்சுத்தான் கணக்குப் போடுது. வங்கக்கடல்ல அளக்க அங்கொண்ணு இங்கொண்ணா மிதவைகள், சில கப்பல்கள். மிச்சமெல்லாம் பெரும்பாலும் செயற்கைக்கோள். அட்லாண்டிக்ல புயலுக்குள்ளேயே விமானத்தை ஓட்டிக் கருவி போட்டு அளக்கிறாங்க. இங்கே அது வழக்கத்துல இல்லை. நடுக்கடல்ல புயலோட பலத்தையே மேகத்தோட வடிவத்தைப் பார்த்துத்தான் மதிப்பிடணும். (நாடி பார்க்காம முகத்தைப் பார்த்தே ஜுரம் சொல்ற மாதிரி.)

1961-ல வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லோரென்ஸ், கணினியில போட்ட வானிலைக் கணக்கைத் திரும்ப ஓட்டுறப்போ 0.506127-க்குப் பதிலா 0.506-ன்னு தட்டினார். ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசம். கணினிக்குள்ள இருந்த வானிலை போகப்போக வேற திசைக்கே போயிடுச்சு. நமக்கோ, புயல் வலுக்காம இருக்கிறப்போ மையம் எங்கேன்னு குறிக்கிறதுலயே பல கிலோமீட்டர் முன்னபின்ன ஆகும். அப்புறம் வானிலையைக் கணிக்கிற கணினி மாடலைத் திட்டி என்ன பிரயோஜனம்?

இதையெல்லாம் பொறுமையாக் கேட்டுட்டு அம்மா: “சரி, மாடியில காயுற வத்தலை எடுக்கவா வேணாமா?”

“எடுத்துடும்மா.”