7 வாட்ஸ்அப் குரூப்ல இருந்தேன், பேச ஆள் இல்ல – கிளப்ல சேந்து ஆளுங்க கிடைச்ச கதை

போன வருஷம் ஜூலையில பி.எஸ்சி மேத்ஸ் சேந்தேன், சேலத்துல ஒரு பெரிய யுனிவர்சிட்டி. எனக்கு ஊர் வாழப்பாடி. ஸ்கூல்ல எங்க கிளாஸ்ல மொத்தமே 31 பேரு, யாரு எந்தத் தெரு, யாரு அப்பா என்ன வேலைனு எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அங்கருந்து ஆயிரக்கணக்குல பசங்க நடமாடுற கேம்பஸ்க்குள்ள போயி நின்னப்போ முதல் வாரம் திருவிழா மாதிரிதான் இருந்துச்சு, ரெண்டாவது வாரம்தான் தெரிஞ்சுச்சு இங்க நம்ம பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் கிடையாதுனு.

கிளப் எதுலயாச்சும் சேரு, ஃபிரெண்ட்ஸ் தானா வருவாங்கனு எல்லாரும் சொன்னாங்க. ஃபர்ஸ்ட் இயருக்கு ஒரு நாள் ஆடிட்டோரியம் வாசல்ல டேபிள் போட்டு ஒவ்வொரு கிளப்பும் பேர் எழுத வச்சாங்க, நான் ஒண்ணு விடாம எழுதிட்டேன். என்எஸ்எஸ், யூத் ரெட் கிராஸ், தமிழ் மன்றம், நுண்கலை மன்றம், கோடிங் கிளப், போட்டோகிராபி, நேச்சர் கிளப். அன்னைக்கு ராத்திரியே 7 வாட்ஸ்அப் குரூப்ல சேத்துட்டாங்க. ஒரு குரூப்ல 240 பேரு. குட்மார்னிங், போஸ்டர், கூகுள் ஃபார்ம் லிங்க், அவ்வளவுதான் வரும்.

என்னோட முதல் சிக்கல் பஸ். நான் டே ஸ்காலர். எங்க ரூட் யுனிவர்சிட்டி பஸ் 4:40-க்கு கிளம்பிரும், கிளப் மீட்டிங் எல்லாமே 4:45-க்குத்தான் ஆரம்பிக்கும், ஏன்னா நடத்துற சீனியர்ஸ் எல்லாம் ஹாஸ்டல். அந்த பஸ்ஸ விட்டா டவுன் பஸ் புடிச்சு பஸ் ஸ்டாண்ட் போயி, அங்கருந்து ஆத்தூர் பஸ்ல நின்னுட்டே அயோத்தியாப்பட்டணம் தாண்டி வீடு போய்ச் சேர ஏழரை எட்டு ஆயிரும். அம்மா வாசல்லயே நிப்பாங்க. நுண்கலை மன்றம் செலக்‌ஷனுக்கு ஒரு நாள் அப்படி பஸ்ஸ விட்டுட்டு இருந்தேன், என் பேர் வர்றதுக்குள்ள ஆறு மணி ஆயிருச்சு, பாடாமலே எந்திரிச்சு வந்துட்டேன். யாரும் ஏன் போறேனு கேக்கல, கேக்கவும் அவங்களுக்கு என்னைத் தெரியாதே.

என்எஸ்எஸ் பத்தி நான் குறை சொல்ல மாட்டேன், அது நல்ல திட்டம், 1969-ல இருந்து நடக்குது, 2 வருஷத்துல 240 மணி நேரம் வேலை செய்யணும், அது இல்லாம ஒரு கிராமத்துல 7 நாள் கேம்ப். கேம்ப் போயிட்டு வந்த சீனியர்ஸ் எல்லாம் கூடப் பொறந்தவங்க மாதிரி ஆயிட்டாங்கனு கண்ணால பாத்தேன். ஆனா கேம்ப் ரெண்டாவது வருஷம்தான். எங்களுக்கு சனிக்கிழமை வேலைதான் கிடைச்சுச்சு, 100 பேர் வருவோம், மரக்கன்னு 20 இருக்கும், அட்டெண்டன்ஸ், குரூப் போட்டோ, கலைஞ்சிருவோம். என் பக்கத்துல நின்னு மண்வெட்டி புடிச்ச பொண்ணு பேரு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

ஆகஸ்ட், செப்டம்பர் ரெண்டு மாசமும் லைப்ரரி பின்னாடி படிக்கட்டுல உக்காந்து டிபன் பாக்ஸ தொறந்து சாப்பிட்டு முடிச்சுட்டு கிளாஸ்க்குப் போயிருவேன். அம்மா கேட்டா நல்லா போகுதும்மான்னு சொல்லுவேன். ஒரு நாள் புளிசாதம் பாதி அப்படியே திரும்பி வந்தத பாத்துட்டு அம்மா எதுவும் கேக்காம மறுநாள் ரெண்டு பேர் சாப்பிடுற அளவுக்கு கட்டிக் குடுத்தாங்க, யாருக்காச்சும் குடுனு. அது எனக்கு இன்னும் கஷ்டமா போச்சு.

அக்டோபர்ல நேச்சர் கிளப் குரூப்ல ஒரு மெசேஜ், மதியம் 1:10-க்கு பாட்டனி பிளாக் பக்கத்துல இருக்குற புங்க மரத்தடியில பறவை பாக்குற மீட்டிங்னு. மதியம்னு பாத்ததுமே கிளம்பிட்டேன், பறவை மேல ஆசையெல்லாம் அப்போ கிடையாது, உண்மையா சொல்றேன், 4:40 பஸ் போயிராதுங்கிற ஒரே காரணம்தான். குரூப்ல 90 பேர், மரத்தடியில 5 பேர். பாட்டனி ஃபைனல் இயர் அக்கா ஒருத்தங்க, நாமக்கல். அப்புறம் மேட்டூர் அண்ணா, எடப்பாடி பையன், தர்மபுரி பொண்ணு, ஏற்காட்டுல நாகலூர் பையன் ஒருத்தன். அக்கா என்கிட்ட பேர் கேட்டு, ஊர் கேட்டு, அடுத்த கேள்வியா "கையெழுத்து நல்லா இருக்குமா?"னு கேட்டாங்க. இருக்கும்க்கானேன். நீள சைஸ் அக்கவுண்ட் நோட்டு ஒண்ணு, அட்டை கிழிஞ்சு பிரவுன் டேப் ஒட்டினது, அத என் கையில குடுத்து "நாங்க சொல்லச் சொல்ல நீ எழுது, தேதி, நேரம், இடம், பறவை, எத்தனை"ன்னாங்க. அன்னைக்கு 20 நிமிஷத்துல நான் எழுதினது காக்கா 9, மைனா 4, பச்சைக்கிளி 12, வால்காக்கை 1. போகும்போது நோட்ட திருப்பிக் குடுக்கப் போனேன், "உன்கிட்டயே இருக்கட்டும், வியாழக்கிழமை கொண்டு வா"ன்னாங்க.

அந்த வியாழக்கிழமை நான் போயே ஆகணும் இல்லையா, நோட்டு என்கிட்ட இருக்கே.

நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை மூக்கனேரிக்கு கூப்பிட்டாங்க, கன்னங்குறிச்சியில, சேர்வராயன் மலை அடியில இருக்குற ஏரி. 2010 வாக்குல ஊர்க்காரங்க சேந்து தூர்வாரி, எடுத்த மண்ண ஏரிக்குள்ளயே திட்டு திட்டா போட்டு மரம் வச்சு விட்டாங்க, இப்ப அந்தத் திட்டுகள்லதான் பறவைங்க அடையுது. காலையில ஆறரைக்கு அங்க இருக்கணும். பசங்களும் வர்றாங்கன்னதும் வீட்ல ஒத்துக்கல, கடைசியில அப்பா நானே கூட வர்றேன்னாரு. அப்பா சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில வேலை பாக்குறாரு, அன்னைக்கு ஷிஃப்ட் இல்ல. இருட்டோட எந்திரிச்சு எக்ஸ்எல்-ல பஸ் ஸ்டாப், முதல் பஸ், அப்புறம் கன்னங்குறிச்சி டவுன் பஸ். ஏரிக்கரையில அப்பா தள்ளி ஒரு வேப்பமரத்தடியில கைய கட்டிட்டு நின்னுட்டாரு. நாமக்கல் அக்கா போயி "வாங்கப்பா, டீ குடிங்க"னு ஃபிளாஸ்க்ல இருந்து ஊத்திக் குடுத்தாங்க.

ஒரு திட்டு பூரா கொக்கு, வெள்ளையா துணி காயப்போட்ட மாதிரி. எடப்பாடி பையன் ஒண்ணு ரெண்டுனு எண்ணுறான், பாதியில நாலு பறந்துருது, மறுபடி முதல்ல இருந்து எண்ணுறான். அப்பா கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்துட்டு கிட்ட வந்து, "அப்படி எண்ணுனா பொழுது போயிரும் தம்பி, முதல்ல பத்து எண்ணு, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்குதுனு கண்ணுல வாங்கிக்க, அப்புறம் அதே அளவ அப்படியே நகத்திட்டே போ, நாங்க மூட்டை இருப்பு அப்படித்தான் பாப்போம்"னாரு. அவரே விரல நீட்டி நகத்தி நகத்தி 70 சொன்னாரு. அக்கா பைனாகுலர்ல பொறுமையா எண்ணி முடிச்சுட்டு 74-னாங்க. கூட்டமா இருக்குற பறவைங்கள எல்லா இடத்துலயும் இந்த முறையிலதான் எண்ணுவாங்களாம், அக்கா சொன்னாங்க. நோட்டுல நான்தான் எழுதினேன், சின்ன கொக்கு 74, நீர்க்காகம் 22, முக்குளிப்பான் 5. அந்த முக்குளிப்பானையும் அப்பாதான் காட்டுனாரு, மேட்டூர் அண்ணா அது வரைக்கும் லிட்டில் கிரீப்னு இங்கிலீஷ் பேர் மட்டும்தான் சொல்லிட்டு இருந்தாரு. திரும்பும்போது பஸ்ல அப்பா, "நல்ல புள்ளைங்க"னு மட்டும் சொன்னாரு, அதுக்கப்புறம் வீட்ல பர்மிஷன் பேச்சே வரல.

அடுத்த வாரமே எனக்கு காய்ச்சல். 4 நாள் போகல. 7 குரூப்லயும் குட்மார்னிங் வந்துட்டேதான் இருந்துச்சு. மூணாவது நாள் மதியம் 1:30-க்கு தர்மபுரி பொண்ணு போன் பண்ணா, "எங்க டி இருக்க, நோட்டு உன்கிட்ட இருக்கு, நாங்க எல்லாம் பேப்பர்ல எழுதிட்டு உக்காந்திருக்கோம்"னு. காய்ச்சல்னு சொன்னேன். அன்னைக்கு சாயங்காலமே மேத்ஸ் பிளாக்குக்குப் போயி என் கிளாஸ் பொண்ணு ஒருத்திய கண்டுபிடிச்சு மூணு நாள் நோட்ஸையும் போட்டோ எடுத்து அனுப்பினா. அவ பாட்டனி. என் டிபார்ட்மெண்ட் எங்க இருக்குனே அவளுக்கு அது வரைக்கும் தெரியாது. படுக்கையில உக்காந்து அழுதேன். நான் இல்லன்னா ஒரு வேலை நிக்குது, அதனாலதான் நான் இல்லங்கிறது ஒருத்திக்குத் தெரிஞ்சுச்சு, 240 பேர் இருக்குற குரூப்ல அது நடக்கவே வாய்ப்பில்ல.

அதனால இப்ப என்கிட்ட யாராச்சும் எந்த கிளப்ல சேரலாம்னு கேட்டா நான் கிளப் பேரே சொல்றதில்ல. மூணு வாரம் போயிப் பாருங்க, உங்க கையில ஏதாச்சும் வேலை குடுக்குறாங்களான்னு பாருங்க, சாவி வச்சுக்கிறதோ கணக்கு எழுதுறதோ மைக் செட் எடுத்து வைக்கிறதோ எதுவா இருந்தாலும் சரி, குடுக்கலன்னா நீங்களே கேட்டு வாங்குங்க. டே ஸ்காலரா இருந்தா மீட்டிங் மதியம் வைக்க முடியுமானு வாய்விட்டு கேளுங்க, நான் தமிழ் மன்றத்துல டிசம்பர்ல அப்படி கேட்டேன், மாசத்துல ஒண்ணு லஞ்ச் பிரேக்ல வைக்க ஆரம்பிச்சுட்டாங்க, இத்தனை மாசம் யாருமே கேட்டதில்லையாம். கிளப் வேலையா கிளாஸுக்கு வராத நாளுக்கு அட்டெண்டன்ஸ் கேக்குற ஓடி (ஆன் டியூட்டி) ஃபார்ம்ல ஸ்டாஃப் கோஆர்டினேட்டர் கையெழுத்து முன்னாடி நாளே வாங்கிருங்க, நிகழ்ச்சிக்குப் போயிட்டு வந்து ஹெச்ஓடி கிட்ட கேட்டா கிடைக்காது, எனக்கு ஒரு நாள் அட்டெண்டன்ஸ் அப்படி போச்சு.

டிசம்பர் கடைசியில ஏற்காடு போனோம். அரசு பஸ்தான், 20 கொண்டை ஊசி வளைவு, எடப்பாடி பையன் எட்டாவது வளைவுலயே ஜன்னல் சீட்டுக்கு மாறிட்டான். காப்பித் தோட்டம் ஆரம்பிச்சதும் நாமக்கல் அக்கா 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்தான் காப்பிய இங்க கொண்டு வந்தாருன்னு கதை சொல்லிட்டே வந்தாங்க. அது வரைக்கும் கீழ அதிகம் பேசாத நாகலூர் பையன் மலை ஏறினதும் வேற ஆளா மாறிட்டான். சில்வர் ஓக் மரத்துல ஏறுன மிளகுக் கொடி பக்கத்துல நிறுத்தி, "பேசாம இருங்க"ன்னான். ஒரு பறவை, கறுப்பு கொண்டை நிமிந்து நிக்குது, கண்ணுக்குக் கீழ சின்னதா ரத்தப் பொட்டு மாதிரி சிவப்பு. செம்மீசைச் சின்னான். எங்க வாழப்பாடி பக்கம் நான் பாக்குற சின்னானுக்கு சிவப்பு வாலடியிலதான் இருக்கும், முகத்துல கிடையாது. அவன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போனான், அவங்க அம்மா வரகாப்பி போட்டுக் குடுத்தாங்க, நாங்க கொண்டு போன தட்டுவடை செட்டு பாதி அங்கயே காலி.

ஜனவரியில பொங்கல் லீவு, எல்லாரும் ஊருக்குப் போயிட்டோம். 2015-ல இருந்து தமிழ்நாடு முழுக்க பொங்கல் நாலு நாளும் பறவை கணக்கெடுப்பு நடக்குது, குறைஞ்சது 15 நிமிஷம் ஒரு இடத்துல நின்னு பாத்தத எல்லாம் எண்ணி இபேர்ட்ங்கிற பறவைப் பதிவு வெப்சைட்ல ஏத்தணும், எங்க இருந்து வேணும்னாலும் பண்ணலாம். எங்க ஆறு பேருக்குன்னு அதுக்குள்ள தனி குரூப் ஆயிருச்சு. பொங்கல் அன்னைக்கு காலையில வாசல்ல பானை பொங்குறதுக்குள்ள நான் நோட்டோட மாடிக்குப் போயிட்டேன், கீழ இருந்து அப்பா "பாக்குத் தோப்பு பக்கம் பாரு, அங்கதான் உக்காரும்"னு கத்துறாரு. 7:20-க்கு மேட்டூர்ல இருந்து முதல் லிஸ்ட் வந்துச்சு, ஆலா 6. நாகலூர்ல செம்மீசைச் சின்னான் 11. நாமக்கல் அக்கா, கோழிப்பண்ணை மேல சுத்துற கரும்பருந்து 8. தர்மபுரியில மயில் 3. எடப்பாடி இன்னும் தூங்குறான்னு நினைக்கிறேன்னு அண்ணா எழுதினாரு, உடனே அவன் லிஸ்ட் வந்துருச்சு. நான் கடைசியா அனுப்பினேன். வாழப்பாடி, 15 நிமிஷம், காக்கா 14, மைனா 6, செங்குதச் சின்னான் 2, பனை உழவாரன் 5.