முடிச்சு உருவியதா, தங்கூசி அறுந்ததா?

மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டால், புது தூண்டில் முள் கட்டுவதற்கு முன்னால் கையில் மிஞ்சிய முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் தங்கூசி (ஒற்றை இழை நைலான் நூல்) அறுந்துபோகவில்லை, முடிச்சு உருவிக்கொண்டது. பிசிறடித்துச் சொரசொரப்பாக இருந்தால் பாறை தின்றிருக்கிறது. குமரி மாவட்டத்து முட்டம் பாறைகளிலும், அலையைத் தடுக்கக் கல் கொட்டிய நம் கரையோரத் தூண்டில் வளைவுகளிலும் இந்த இரண்டாவது வகைதான் அதிகம். அங்கே சில மீன் ஏறியதுமே கடைசி ஒரு முழத்தை விரலால் தடவிப் பார்த்து, நெருடினால் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும்.

உருவிய முடிச்சுக்குக் காரணம் பெரும்பாலும் தேர்வுதான். முள்ளைப் பார்த்து முடிச்சைத் தீர்மானிக்கிறார்கள். பார்க்க வேண்டியது நூலை. தங்கூசியில் நன்றாகப் பிடிக்கும் கிளிஞ்ச் முடிச்சு, பல இழை பின்னிய பிரெய்டு நூலில் வழுக்கும். பிரெய்டுக்குப் பாலோமர் போடுங்கள். நூலை ஒரு சாண் நீளத்துக்கு இரட்டையாக மடித்து, முள்ளின் காதில், அதாவது நூல் கோக்கும் துளையில், நுழைத்து விடுங்கள். தளர்வாக ஒரு சாதா முடிச்சு. மிச்சமுள்ள வளையத்துக்குள் முள்ளை முழுசாக விட்டு எடுத்து, எச்சில் தொட்டு, இரண்டு நூலையும் சேர்த்து இழுங்கள். இரட்டை நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குறுக்கிட்டால் அந்த இடத்திலேயே ஒன்று மற்றொன்றை அறுக்கும். அவிழ்த்துப் புதிதாகப் போடுவதுதான் வழி.

கிளிஞ்சுக்கு மெல்லிய தங்கூசியில் 5, 6 சுற்று. 0.60 மி.மீ.க்கு மேல் கனமான தங்கூசியில் சுற்றுகள் நெருங்கி உட்காராது; யூனி முடிச்சை 4 சுற்றில் போட்டால் போதும். பிரெய்டோடு லீடரை (முள்ளை ஒட்டி வரும் தங்கூசித் துண்டை) இணைக்க இரட்டை யூனி: பிரெய்டு பக்கம் 8, தங்கூசி பக்கம் 5.

காது இல்லாத தட்டைத்தலை முள்ளுக்குக் கட்டே வேறு. தங்கூசியை மடித்து, வளையம் முள்ளின் வளைவுப் பக்கம் வரும்படி தண்டோடு படுக்க வையுங்கள். நுனியைத் தட்டைக்கு அருகிலிருந்து வளைவை நோக்கி, தண்டையும் நூலையும் சேர்த்து 7 சுற்று, இடைவெளி இல்லாமல் சுற்றுங்கள். நுனியை வளையத்துக்குள் விட்டு, சுற்றுகளை விரலால் அமுக்கிக்கொண்டே மேல்நூலை (நம் கைப்பக்கம் வரும் நூலை) இழுங்கள். முடிச்சைத் தட்டை வரை நகர்த்தி இறுக்கியதும், மேல்நூல் முள்முனை இருக்கும் பக்கமாகக் கிளம்புகிறதா என்று பாருங்கள். பின்பக்கம் போயிருந்தால் தட்டையின் விளிம்பு பிளேடு போல அதை வெட்டும்.

எச்சில் தொடாமல் வெடுக்கென்று இறுக்குவது பெரிய தவறு. உரசும் சூட்டில் நைலான் வெந்து வெளுக்கும். வெளுத்த முடிச்சு தெரிந்தால் தயங்காமல் வெட்டுங்கள். நுனியில் 3 மி.மீ. விட்டு நறுக்கி, முள்ளைப் பிளையரில் பிடித்து, மேல்நூலைக் கையில் துணி சுற்றி ஒரு தரம் பலமாக இழுத்துப் பாருங்கள்.

நெய்மீன், சீலா ஓடும் நாட்களில் இதெல்லாம் போதாது. அவற்றின் பல் நூலையே வெட்டும். முள்ளுக்கு மேலே ஒரு சாண் ஸ்டீல் வயர் வையுங்கள்.