சாலோ பாரோனை வாசிக்கும் நாட்கள்

2024 மார்ச் 3, ஞாயிறு

யூத வரலாற்றை அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தனித்துறைப் பாடமாக நிலைநிறுத்தியவர் என்று சாலோ விட்மாயர் பாரோனைச் சொல்வார்கள். அவருடைய எழுத்துகளை வரிசையாகப் படிக்க இன்று தொடங்கினேன். 1895இல் கலீசியாவின் டார்னோவ் நகரில் பிறந்தார். அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஆளுகையில் இருந்த அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. தந்தை வசதியான வங்கியாளர், உள்ளூர் யூத சமூகத்தின் தலைவரும்கூட. வியன்னா பல்கலைக்கழகத்தில் 1917இல் தத்துவத்திலும், 1922இல் அரசியல் அறிவியலிலும், 1923இல் சட்டத்திலும் மூன்று முனைவர் பட்டங்களைப் பெற்ற பாரோன், இடையே 1920இல் ரபியாகவும், அதாவது யூத சமய குருவாகவும், தகுதி பெற்றார். பட்டங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் சேர்க்கைதான் என் கண்ணில் பட்டது. பிற்காலத்தில் அவர் சமயத்தையும் வரிவிதிப்பையும் நீதிமன்றத்தையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதியதற்கு அடித்தளம் இங்கேதான் இருக்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

1926இல் ரபி ஸ்டீவன் வைஸ் அழைக்க, நியூயார்க்கில் அவர் நடத்திவந்த யூத சமயக் கல்விக் கழகத்தில் கற்பிக்க வந்தார். வந்த இரண்டாம் ஆண்டிலேயே, 1928இல், கெட்டோ எனப்படும் ஒதுக்கப்பட்ட யூதக் குடியிருப்புகளின் வாழ்வையும் யூதர்களின் சட்டபூர்வ விடுதலையையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய யூத வரலாறு முழுவதும் துன்பமே, அதன்பின் வந்ததெல்லாம் விடியல் என்ற அன்றைய பொதுக் கருத்தை அந்தக் கட்டுரை நேரடியாக எதிர்த்தது.

அவருடைய வாதம் வழக்கறிஞர் ஒருவர் அடுக்குவதைப் போல நகர்கிறது. இடைக்காலத்தில் சம உரிமை என்பது எவருக்குமே கிடையாது. பிரபு, குரு, நகரவாசி, குடியானவன் என ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனிச் சட்டமும் கடமையும் இருந்தன. அப்படியிருக்க, யூதர்களின் நிலையை இன்றைய குடிமகனோடு ஒப்பிடாமல், மக்களில் பெரும்பான்மையாக இருந்த பண்ணையடிமைகளோடு ஒப்பிட வேண்டும் என்கிறார். மண்ணோடு கட்டப்பட்டிருந்த அந்தக் குடியானவனைவிட யூதருக்கு இடம்பெயரும் உரிமை கூடுதலாக இருந்தது. சொந்த நீதிமன்றமும், வரி வசூலிக்கும் சமூக அமைப்பும், பள்ளியும் இருந்தன. நவீன அரசு தனக்குக் கீழே இத்தகைய தன்னாட்சி அமைப்புகளைப் பொறுத்துக்கொள்ள முடியாததால்தான் அவற்றைக் கலைத்துவிட்டு, யூதரைத் தனிமனிதக் குடிமகனாக ஏற்றுக்கொண்டது. ஆக, அந்த விடுதலை தயாள குணத்தால் மட்டும் வந்ததன்று. அதற்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது.

படுகொலைகளையும் நாடுகடத்தல்களையும் அவர் மறுக்கவில்லை. அவற்றை மட்டுமே கோத்து வரலாறு ஆக்குவதைத்தான் மறுத்தார். புகழ்மாலைக்கும் ஒப்பாரிக்கும் நடுவே சரித்திரத்துக்கு இடமே விடாத பழக்கம் நம்மிடமும் உண்டு என்பதால், இந்தக் கட்டுரையை நான் நிதானமாகப் படித்தேன்.

மார்ச் 9, சனி

1930இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், லிண்டா மில்லர் என்ற பெண்மணி தம் கணவர் நினைவாக அளித்த கொடையால் யூத வரலாற்றுக்கான பேராசிரியர் பதவி உருவாகி, பாரோன் அதில் அமர்ந்தார். எபிரேயம், அரபு போன்ற செமிட்டிக் மொழிகளுக்கான துறைக்குப் போகாமல் வரலாற்றுத் துறையில்தான் இருப்பேன் என்று வற்புறுத்தியிருக்கிறார். இதை நிர்வாகச் சச்சரவாக எண்ணிக் கடந்துவிடக் கூடாது. மொழித் துறையில் இருந்தால் அவர் பழம்பிரதிகளுக்கு உரை சொல்பவராகவே பார்க்கப்பட்டிருப்பார். வரலாற்றுத் துறையிலோ, ஐரோப்பிய வரலாறு கற்பிக்கும் சக ஆசிரியரின் அளவுகோலே தமக்கும் பொருந்தும் என்று அவர் சொல்ல முடிந்தது. நாடு விட்டு வந்து நான்கே ஆண்டுகளான ஒருவர் இதைக் கேட்டுப் பெற்றார் என்பது சாதாரணமன்று. 1963இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே கற்பித்தார்.

மார்ச் 14, வியாழன்

போருக்குப் பிறகான பாரோனை இன்று படித்தேன். நாஜிகள் கொள்ளையடித்த நூல்கள் ஜெர்மனியில் ஆஃபன்பாக் கிடங்கில் மலைமலையாகக் குவிந்திருந்தன. உரிமையாளர்கள் உயிரோடில்லாத யூத நூல்களை என்ன செய்வது என்ற கேள்விக்காக 1947இல் அமைக்கப்பட்ட யூதப் பண்பாட்டு மறுசீரமைப்பு அமைப்புக்கு அவர் தலைவரானார். 1949இல் அதன் செயலாளர் பொறுப்புக்கு வந்தவர் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட். ஏறத்தாழ ஐந்து லட்சம் நூல்கள், பெரும்பாலும் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் உள்ள நூலகங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டன. அந்தப் புத்தகங்களின் உள்ளட்டையில் அமைப்பின் பெயர் அச்சிட்ட சிறு சீட்டு ஒட்டப்பட்டது. சில பிரதிகளில் பழைய நூலகத்தின் முத்திரையையும் அந்தப் புதுச் சீட்டையும் ஒருசேரக் காணலாம்.

மார்ச் 16, சனி

1961 ஏப்ரல் 24 அன்று, யூதர்களை வதைமுகாம்களுக்கு அனுப்பும் பணியை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மன் மீது ஜெருசலேமில் நடந்த விசாரணையில் பாரோன் சாட்சி சொன்னார். போருக்கு முந்தைய ஐரோப்பிய யூத வாழ்வு எப்படி இருந்தது என்பதை வரலாற்றாசிரியராக எடுத்துரைப்பதே அவருடைய பங்கு. தாம் பிறந்த டார்னோவில் போருக்கு முன் 20,000 யூதர்கள் இருந்தார்கள் என்றும், ஹிட்லருக்குப் பின் இருபது பேருக்கு மேல் இல்லை என்றும் அவர் கூறினார். அவருடைய பெற்றோரும் ஒரு சகோதரியும் அங்கே கொல்லப்பட்டவர்கள். ஐக்மனின் வழக்கறிஞர் சர்வேஷியஸோ ஜெர்மன் தத்துவஞானி ஹெகலையும் வரலாற்றுத் தத்துவத்தையும் இழுத்து, மனித சித்தத்துக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்று வரலாற்றை நடத்துகிறதா என்ற பாணியில் கேள்வி கேட்டார். கட்சிக்காரரின் பொறுப்பைத் தத்துவத்தின் தலையில் இறக்கிவைக்கும் சாமர்த்தியமாகவே எனக்கு அது படுகிறது.

இவ்வளவு இழந்த பிறகும் 1928இல் சொன்னதை அவர் கைவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பேரழிவைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் மேல் ஏற்றி வாசிப்பது வரலாறாகாது என்பது அவர் நிலைப்பாடு. அதை மனத்திண்மை என்று பாராட்டுவோர் உண்டு. ஆய்வு நெறி என்று சொல்வதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது.

மார்ச் 22, வெள்ளி

யூதர்களின் சமூக, சமய வரலாறு பற்றிய அவருடைய பெருநூல் 1937இல் மூன்று தொகுதிகளாக வந்தது. 1952இல் தொடங்கிய திருத்தப் பதிப்போ, 1983க்குள் பதினெட்டுத் தொகுதிகளாக வளர்ந்தும் 1650ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. கடைசித் தொகுதி ஒட்டோமான் பேரரசு, பாரசீகம், எத்தியோப்பியா, இந்தியா, சீனா ஆகியவற்றைப் பற்றியது. 1568இல் கொச்சி மட்டாஞ்சேரியில் பரதேசி என்ற யூத ஜெபாலயம் எழுந்ததும் அந்தக் காலப்பகுதியில்தான். 1989 நவம்பர் 25 அன்று, 94 வயதில், நியூயார்க்கில் பாரோன் காலமானார்.

இளமையில் அவரை உலுக்கிய, யூதர் விடுதலை பற்றிய கேள்வி பதினெட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது. பதினெட்டுத் தொகுதிகளும் அந்த நூற்றாண்டைத் தொடவில்லை. அடிக்குறிப்புகளைக் கொஞ்சம் குறைத்திருந்தால் எட்டியிருப்பார் என்று முணுமுணுக்கத் தோன்றினாலும், அந்த அடிக்குறிப்புகளுக்காகவே ஆய்வாளர்கள் இன்றும் அவரைத் தேடிப் போகிறார்கள். விடுதலைக் காலத்தைப் பற்றி அவர் எழுதியதை அறிய 1937ஆம் ஆண்டுப் பதிப்பையே நாட வேண்டும். அடுத்த வாரம் அதைத் தொடங்குகிறேன்.