பிப்ரவரியில் பாஃப் தொட்டிகளை மாற்றினேன்

எங்கள் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டு வாசலில் இருக்கும் பாஃப் எனும் ஸ்லிப்பர் ஆர்க்கிட்களில் மூத்தது மௌடியே ரகம். ஜனவரிக் கடைசியில் அதன் பூ உதிர்ந்தது. பக்கத்தில் புதுக் கன்று நன்றாகத்தான் வளர்ந்து வந்தது. ஆனால் தொட்டியில் மண்ணுக்குப் பதில் போட்டிருக்கும் மரப்பட்டையின் மட்டத்துக்கு மேலே ஒரு விரல்கடை தூக்கிக்கொண்டு நின்றது. அதன் அடியிலிருந்து இறங்கிய வேர்கள் பட்டையைத் தொடுவதற்கு முன்பே நுனி காய்ந்து நின்றுவிட்டன. இலையில் ஒரு குறையும் தெரியவில்லை. இருந்தாலும் தொட்டி மாற்ற இதைவிட நல்ல காரணம் கிடையாது.

செடி தொட்டிக்குள் அடங்காமல் போனால்தான் மாற்ற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டென்ட்ரோபியம் போன்ற ஆர்க்கிட்டுக்கு அது சரி. அதற்குத் தடித்த தண்டு இருக்கிறது, தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பாஃபியோபெடிலத்துக்கு, வளர்ப்பவர்கள் வாயில் சுருக்கமாக பாஃப், அப்படி ஒரு சேமிப்பும் கிடையாது. இலையையும் வேரையும் நம்பித்தான் பிழைப்பு. வேரும் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் விடும். பூப்பதில் இது வாழை மாதிரி: ஒரு கன்று ஒரு முறைதான் பூக்கும், அடுத்த பூ பக்கக் கன்றில். அந்தப் பக்கக் கன்று சொந்தமாக வேர் ஊன்றாவிட்டால் தாயின் பழைய வேரிலேயே காலம் தள்ளும், பூவுக்குத் தெம்பு வராது. ஒவ்வொரு கன்றும் முந்தியதைவிடச் சற்று மேலே கிளம்புவதால் இந்தச் சிக்கல் திரும்பத் திரும்ப வரும். ஆக, பாஃபுக்குத் தொட்டி மாற்றுவது என்பது பெரும்பாலும் செடியைக் கொஞ்சம் கீழே இறக்கி வைப்பதுதான். தொட்டி அதே அளவில் இருந்தால்கூடப் பரவாயில்லை.

இன்னொரு காரணம் பட்டை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போதும், வசந்த காலத்தில் செய்யுங்கள் என்பதெல்லாம் குளிர்நாட்டுக்காரர்களின் கணக்கு. இங்கே வசந்தம் ஏது? இரவிலும் வெப்பம் 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம், ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். பட்டையை மட்கவைக்கும் பூஞ்சைக்கு விடுமுறையே இல்லை. என் தொட்டிகளில் வருடம் முடிவதற்குள் அடிப்பட்டை தூளாகிவிடுகிறது. தூள் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும், காற்றுப் புகாது, வேர் அழுகும். வேர் போன செடியின் இலை, தண்ணீர் கிடைக்காத செடியின் இலை போலவே துவளும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம், கதை முடிந்தது. சந்தேகம் வந்தால் செடியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். தொட்டிக்குள் லொடலொடவென்று ஆடினால் பிடித்துக்கொள்ள வேர் இல்லை என்று அர்த்தம்.

பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வானிலைதான். நவம்பரிலிருந்து ஜனவரி வரை அடிக்கிற மழையில் பட்டை காயவே காயாது. பிப்ரவரியில் மழை குறைந்து காற்று வீசும்.

புதுப் பட்டையை முதல் நாள் இரவே வாளியில் ஊறப்போட்டேன். காய்ந்த பட்டையில் தண்ணீர் ஒட்டாமல் ஓடிவிடும். மறுநாள் செடியைக் கவிழ்த்தபோது மேலே இருந்த பட்டை புதுசு போலவே இருந்தது. அடியில் காபித்தூள் நிறத்தில் சகதி, புளித்த வாடை. வேரைக் கழுவிவிட்டு ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தேன். நல்ல வேர் பழுப்பு நிறத்தில் மெல்லிய ரோமத்தோடு இருக்கும், விரலுக்குக் கெட்டியாகப் படும், நுனி வெளிறித் தெரியும். செத்த வேரைப் பிடித்து இழுத்தால் தோல் கையோடு வந்துவிடும், நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். நிறத்தை மட்டும் பார்த்து வெட்டக்கூடாது, எல்லாமே பழுப்புதான். கத்தரியை அடுப்புத் தீயில் காட்டிவிட்டுத்தான் அடுத்த செடியைத் தொட்டேன். வைரஸ் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது பெரும்பாலும் கத்தரி வழியாகத்தான்.

கலவையில் பெரிய ரகசியம் இல்லை. நாலு பங்கு நடுத்தரப் பட்டை, ஒரு பங்கு பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்துகள்), ஒரு பங்கு கரித்துண்டு. கடையில் பாஃப் பெரும்பாலும் ஸ்பாக்னம் பாசியில் இறுக்கி வைத்துத்தான் வருகிறது. குளிர்சாதன அறையில் அது பிழைக்கும், நம் வாசலில் நாள்கணக்கில் ஈரம் போகாது. வாங்கி வந்த செடியின் பூ முடிந்ததும் பாசியை எடுத்துவிடுவதே என் வழக்கம். கன்றின் அடி பட்டைக்குள் ஒரு சென்டிமீட்டர் போகும்படி வைத்தேன். அதற்கு மேல் புதைத்தால் இலை சேரும் இடத்தில் அழுகல் வரும்.

கீழ்த்தளத்து மாமா வழக்கம்போல வந்து நின்றார். “தம்பி, ரெண்டா பிரிச்சு ஒண்ண எனக்குக் குடுங்களேன்.”

“மூணு கன்றுதான் மாமா இருக்கு. ஆறு ஆகட்டும், பாதி உங்களுக்கு.”

அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒற்றைக் கன்றாகப் பிரித்த பாஃப் செத்துப்போகாது, ஆனால் வருடக்கணக்கில் பூக்காமல் அடம்பிடிக்கும். மூன்றுக்குக் குறைந்து நான் பிரிப்பதில்லை.

நிவியம் செடிக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை. லங்காவி, தென் தாய்லாந்துத் தீவுகளின் சுண்ணாம்புப் பாறைகளில் முளைக்கிற இனம் அது. பட்டை மட்க மட்கப் புளிப்பு ஏறும், அது இதற்கு ஒத்துவராது. அதனால் சிப்பி ஓட்டை நொறுக்கி ஒரு கரண்டி கலந்தேன். கடல்மட்டத்தை ஒட்டி வளரும் செடி என்பதால் நம் வெயிலும் புழுக்கமும் அதற்குப் புதிதல்ல. இலையில் புள்ளியும் திட்டும் உள்ள ரகங்கள் பொதுவாகவே இங்கே சௌகரியமாக இருக்கும். பச்சை இலைக் குளிர் ரகங்களில் பணத்தைப் போடுவதற்குப் பதில் பூமலைத் தாவரவியல் பூங்காவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மாற்றிய அன்றே எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றினேன். தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதில்லை. வேருக்கும் ஆகாது, கொசு முட்டையிட்டால் தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்குப் பதில் சொல்லி மாளாது.

ஏப்ரல் நடுவில் மௌடியேயின் தொட்டிச் சுவரை ஒட்டிப் புது வேர் தெரிந்தது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டி வாங்குவது இதற்காகத்தான், தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. நிவியத்தில் வேர் இன்னும் கண்ணில் படவில்லை, ஆனால் ஆட்டினால் அசைவதில்லை. பிலிப்பினென்ஸ் என்ற இன்னொரு பாஃப் மட்டும்தான் பழைய பட்டையில் இருக்கிறது. பிப்ரவரியில் அது மொட்டுத் தண்டு விட்டிருந்தது, அந்த நேரத்தில் வேரைக் கலைத்தால் மொட்டு கருகிவிடும். அதன் கடைசிப் பூவும் போன வாரம் விழுந்துவிட்டது. சனிக்கிழமைக்குப் பட்டை ஊறப்போட வேண்டும்.