கரையான் கொன்ற கித்தா மரத்தில் கரி எடுப்பது

பினாங்கின் நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துப் பழைய தோட்டங்களில் கித்தா (ரப்பர்) மரம் ஒன்று இலை கொட்டி நின்றால் முதலில் அடியைப் பாருங்கள். பட்டைமேல் மண் பூசியிருக்கும். பாராங் கத்தியின் முதுகால் தட்டினால் பானையைத் தட்டினாற்போல் சத்தம் வரும். கரையான் உள்ளே குடியேறிவிட்டது என்று அர்த்தம். அதை வெட்டிக் குவித்துத் தீ வைப்பதுதான் பலர் செய்வது. திறந்த வெளியில் எரிப்பதை மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், நல்ல விறகு வீணாகப் புகைந்து போகிறதே!

பூச்சி விழுந்த மரத்துக்குப் பலகை விலை கிடைக்காது. அடுப்புக்கு அந்தத் துளைகள் ஒரு குறையே இல்லை. முற்றிலும் காய்ந்தால் பெரும்பாலான மரங்கள் கிலோவுக்கு 18, 19 மெகாஜூல் வெப்பம் தரும். பாதி எடை தண்ணீராக இருந்தால் கிடைப்பது 8தான். 20 விழுக்காட்டுக்கு இறக்கினால் 14க்கு மேல். ஈர விறகை டன் கணக்கில் வாங்குகிறவர் பாதிப் பணத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கிறார்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கி, அரிசி அளவே உள்ள பைன் வண்டு 1.8 கோடி ஹெக்டர் காட்டைத் தாக்கியது. அது கூடவே கொண்டுவரும் நீலப் பூஞ்சை மரத்துக்குள் நீர் ஏறுவதை அடைத்துவிட, மரம் நின்றபடியே காய்ந்துவிடும். அந்தக் குளிரில் ஆண்டுக்கணக்கில் பெரிதாக அழுகாது. வெடிப்பு விட்டுப் பலகைக்கு ஆகாமல் போன மரத்தை அரைத்து, பெல்லட் எனும் சிறு குச்சி எரிபொருளாக்கி ஏற்றுமதி செய்தார்கள். அதைப் பார்த்து நாமும் இங்கே மரத்தை நிற்கவிட்டுக் காயவைக்க முடியாது. பினாங்கு ஈரத்தில் காய்வதற்கு முன்பே அழுகல் பிடித்துவிடும். அழுகிய அளவுக்கு எடை குறையும், வெப்பமும் குறையும். நகத்தால் அழுத்தி அமுங்குகிற கட்டையைக் கரிக்கு எடுக்காதீர்கள், தூளாகத்தான் வரும்.

பலர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. சாவதற்கு முன் அந்த மரத்துக்கு என்ன மருந்து வைத்தார்கள்? காப்பாற்றப் பார்த்து அடியில் கரையான் மருந்து ஊற்றியிருப்பார்கள். தண்டில் துளை போட்டு ஊசி போட்டிருப்பார்கள், செம்பனையில் அது வழக்கம். விவரம் தெரியாத மரத்தின் கரியில் சாத்தே வாட்டக்கூடாது. பச்சை நிறம் ஏறிய பழைய கம்பங்களை அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவற்றில் ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்கலாம், அது புகையிலும் சாம்பலிலும் வரும்.

வெட்டியதும் ஓர் அடி நீளத்துக்கு அறுத்து, கைப்பிடி கனத்துக்குப் பிளக்க வேண்டும். பிளந்தால்தான் உள்ளே உள்ள கரையான் மண் தெரியும். அதைச் சுரண்டித் தட்டி எடுங்கள். மண் எரியாது, சாம்பலைக் கூட்டும், பெரிய அடுப்புகளில் உருகிக் கட்டிதட்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி அடுக்கி, மேலே தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்துவிடுங்கள். தார்ப்பாயால் முழுக்கப் போர்த்தினால் பூஞ்சைதான் வளரும். செப்டம்பர், அக்டோபர் மழையில் அடுக்கிப் பயனில்லை. ஆண்டுக் கடைசியில் அடுக்கினால் ஜனவரி, பிப்ரவரி வெயில் கிடைக்கும்.

ஈரத்தை அளக்க, கட்டையின் நடுவிலிருந்து 200 கிராம் எடுத்து 105 டிகிரி செல்சியஸ் ஓவனில் எடை இறங்குவது நிற்கும்வரை வையுங்கள். 130 கிராமில் நின்றால் ஈரம் 35 விழுக்காடு. ஊசி குத்தும் மீட்டரோ காய்ந்த எடையை வைத்துக் கணக்கிடும், அந்தக் கணக்கில் அதே கட்டைக்கு 54 வரும். விற்பவரும் வாங்குபவரும் சண்டை போடுவது பெரும்பாலும் இதனால்தான்.

கரிக்கு 200 லிட்டர் இரும்பு டிரம் போதும். இரசாயனம் இருந்த டிரம் வேண்டாம். காய்ந்த கட்டைகளை உள்ளே அடுக்கி, மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் களிமண் வைத்து மூடுங்கள். மூடியின் பெரிய துளையில் இரண்டு அங்குல இரும்புக் குழாயை முடுக்கி, அந்தத் துளை கீழே வரும்படி டிரம்மைச் செங்கல்மேல் படுக்க வையுங்கள். குழாய் வளைந்து டிரம்முக்கு அடியில் ஓடி, முனை மூடியிருக்க வேண்டும். மேல் பக்கம் பார்த்து 6 மில்லிமீட்டர் துளைகள். மூடியின் சின்னத் துளையை வெறும் களிமண்ணால் அடையுங்கள். தார் படிந்து குழாய் அடைத்துக்கொண்டால் அந்தக் களிமண் தெறித்து வழிவிடும். இரும்பு மரையால் முடுக்கினால் மூடியே பறக்கும்.

அடியில் விறகுத் தீ மூட்டினால் முதலில் வெள்ளையாக நீராவி வரும். டிரம்முக்குள் 280 டிகிரியைத் தாண்டியதும் மரம் தானாகவே சூடு விடத் தொடங்கும். குழாய்த் துளைகளில் வாயு பற்றி எரியும், அதன்பின் விறகு தள்ள வேண்டியதில்லை. அந்தச் சுவாலை முழுக்க அணைந்ததும் குழாய்த் துளைகள் அத்தனையையும் ஈரமண்ணால் மூடுங்கள். ஆறும்போது டிரம் காற்றை உள்ளே இழுக்கும். இதை மறந்தால் மறுநாள் கரி இருக்காது, வெள்ளைச் சாம்பல்தான் இருக்கும்.

60 கிலோ காய்ந்த விறகுக்கு 12 முதல் 15 கிலோ கரி வரும். நல்ல கரி ஒன்றோடொன்று மோதினால் கண்ணாடிபோல் கணீரென்னும், உடைத்த இடம் மினுங்கும். நடுவில் பழுப்பு தெரிந்தால் வேகவில்லை, அடுத்த சுற்றில் போடுங்கள். டுரியான் மரம் இலேசு, கரியும் சீக்கிரம் நொறுங்கும். கூன்வண்டு தின்ற தென்னையில் வெளி வட்டம் மட்டுமே உதவும், நடுச்சோறு தண்ணீர்ப் பஞ்சு. ஆனால் அந்தச் சோற்றைக் குவித்துவைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட வந்துவிடும், மெல்லிசாகச் சீவிப் பரப்பிவிடுங்கள். புழு உயிரோடு இருக்கும் கட்டையை வேறு ஊருக்கு ஏற்றாதீர்கள்.

டிரம்மை மறுநாள், கையால் தொட்டுக் குளிர்ந்திருந்தால் மட்டும் திறங்கள். எடுத்த கரியை இன்னொரு நாள் வெளியே பரப்பிவைத்த பிறகே சாக்கில் கட்டுங்கள். புதுக் கரி காற்றை இழுத்துத் தானே சூடேறும், கட்டிய சாக்கு இரவில் பற்றிக்கொள்ளும்.