சுராங்கனியும் சங்கீத மாஸ்டரும்

2018 ஜனவரியில் இலங்கைப் பொப்பிசைப் பாடகர் ஏ.ஈ. மனோகரன் சென்னையில் காலமான செய்தி வந்ததும் எங்கள் பழைய பெடியள் எல்லோரும் ஆளுக்கு ஆள் அவருடைய ‘சுராங்கனி’ பாட்டை அனுப்பத் தொடங்கினார்கள். எனக்கோ எங்கள் பள்ளிக்கூடத்துச் சங்கீத மாஸ்டர்தான் முன்னுக்கு வந்து நின்றார்.

எழுபதுகள் பொப்பிசைக் காலம். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ ஏற்கெனவே ஊரெல்லாம் சுற்றிவிட்டது. அப்புறம் மனோகரன் வந்து, மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்று சுராங்கனிக்குச் சிங்களத்தில் சொன்னார். சிங்களத்தில் சுகம் விசாரிக்கவும் தெரியாத நாங்கள் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் பாடினோம்.

இரவுப் படிப்பு நேரம். விடுதியில் வாளியைக் கவிழ்த்து நான் வெளுத்துக் கட்ட, யன்னலில் மாஸ்டர். அடி விழவில்லை. விழுந்திருக்கலாம். மறுநாள் காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு மேடைக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, நேற்றுப் பாடினதைப் பாடும். தாளம் போட்டுப் பாடும்.”

தேவாரம் ஓய்ந்த மண்டபத்தில் சுராங்கனி! பயத்தில் கை தானாக எட்டு எண்ணும் ஆதி தாளம் போட்டது. மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

“இது பைலா. போர்த்துக்கேயர் காலத்துச் சரக்கு. எட்டுக்குள் அடைக்காதையும், மூன்று மூன்றாக வரும்” என்று மேசையில் ‘தகிட தகிட’ தட்டினார். முழுப் பள்ளிக்கூடமும் சேர்ந்து தட்டியது. நடுவில் காது சிவக்க நான். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை எடுக்கும்வரை என் பெயர் சுராங்கனி.

1977இல் இளையராஜா ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் அதை மலேசியா வாசுதேவனைப் பாடவைத்தார். இன்றைக்கும் தமிழ்நாட்டு நண்பர்கள் பலருக்கு அது சினிமாப் பாட்டுத்தான். நானும் விடாமல் சண்டை பிடிப்பேன். பாட்டும் கடல் கடந்தது, பாடினவரும் கடந்தார், பிறகு நாங்கள்.

பயணம் சொல்லப் போனபோது மாஸ்டர் கேட்டது ஒன்றுதான்: “அங்கே பாட ஆக்கள் இருக்கினமோ?” இருக்கினம் சேர் என்றேன்.

இருக்கிறார்கள்தான். இங்கே கலியாண வீடுகளில் கடைசி அரைமணி நேரம் சுராங்கனிக்குத்தான். டிஜே அடிக்கிற அடிக்கு எல்லோரும் நாலு நாலாகக் கை தட்டுகிறார்கள். மேடைக்குக் கூப்பிட்டுத் திருத்த மாஸ்டர் இல்லை; அவர் ஊரைவிட்டு வரவேயில்லை. நானும் கூட்டத்தோடு நின்று நாலு நாலாகத் தட்டுகிறேன்.